மஞ்சள் மிதவைக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் 11

சங்கு ஊதி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வாதுலேகா ஊரில் யாரும் வேறு எதையும் பேசவில்லை.

"யாராம்?"

"நெதானி சொல்ல மாட்டேங்கறான்."

"தலைவரே கேட்டாராமே?"

"மத்தியானம் கூட்டத்துல சொல்றேன்னுட்டான். வாய் நிறைய மரவள்ளிக்கிழங்க அடைச்சுக்கிட்ட மாதிரி நிக்கறான்."

விடியற்காலை கடல் வற்றிக் கிடந்தபோது நடந்தது அது. மஞ்சள் மிதவைகளுக்கு அந்தப் பக்கம், யாரும் எதையும் பிடிக்கக் கூடாது என்று இரண்டு வருடங்களாக மூடி வைத்திருக்கும் பாறையில், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்ட ஒரு பெண் குனிந்துகொண்டிருந்தாள். முதலில் பார்த்தவர் ஊர்த்தலைவர் அபகூகி. அவருக்குத் தூரப்பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது. ஆள் இருப்பது தெரிந்தது, யார் என்பது தெரியவில்லை. பக்கத்தில் நின்ற காவல்காரன் நெதானியிடம் "ஊதுடா" என்றார். ஊதினான். பிறகு முழங்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பார்த்தான்.

தொப்பிக்குக் கீழே இருந்தது அவன் அம்மா மகெரேதா.

இந்த விஷயம் அவர்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்துகொண்டவள் அவன் தங்கை தோரிகா. கடல் பாதுகாப்புத் திட்டத்தில் அதிகாரி, நேற்றுதான் தலைநகர் சூவாவிலிருந்து வந்தவள். சமையல் குடிலுக்குள் நுழைந்தபோது அவளும் எல்லோரையும் போல "யாராம்மா மாட்டினது?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைந்தாள்.

 மகெரேதா ஒரு பேய்க்கணவாயை மிருதுவாக்கக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தாள். எட்டுக் கைகளும் ஒன்றாகப் போய்க் கல்லில் விழுந்தன. பெரிய கணவாய். அந்த அளவில் ஒன்று கிடைக்கும் இடம் இந்தத் தீவிலேயே ஒன்றுதான்.

தோரிகா கணவாயைப் பார்த்தாள். அம்மாவின் ஈரப் பாவாடையைப் பார்த்தாள்.

"அம்மா... நீயா?"

"கையக் கழுவிட்டு வந்து தேங்கா துருவு."

"நீயான்னு கேட்டேன்."

"பின்ன என்ன வைக்கச் சொல்ற? டின் மீனா?" மகெரேதா நிமிர்ந்தாள். "இன்னைக்கு வர்றது உன் ஆபீஸ்காரங்க. வீட்டுக்கு ஒரு பாத்திரம் கொண்டு வரணும்னு தலைவர் சொல்லிட்டார். கிழங்கு எல்லார் வீட்டுலயும் வரும். என் பொண்ணு கூட்டிட்டு வர்றவங்களுக்கு நான் டின்ன உடைச்சு ஊத்தறதா? எனக்கு வெட்கமா இருக்காது?"

மூடிய பாறையை யாரும் தொடவில்லை என்று சரிபார்க்க வருகிற வெளிநாட்டு அதிகாரிக்கு, மூடிய பாறையில் பிடித்த கணவாயைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்துப் போடப்போகிறாள் அம்மா. தோரிகாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பாறையை மூடச் சொல்லிக் கோடு போட்டதே அவள்தான்.

வாசலில் நிழல் விழுந்தது. நெதானி. உள்ளே வரவில்லை. தங்கை இருக்கிற குடிலுக்குள் அவன் வரமாட்டான். முகத்தைத் தேங்காய் மட்டைக் குவியல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். விவரம் தெரிந்த வயதிலிருந்து அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. வாதுலேகாவில் அதற்கு மரியாதை என்று பெயர். சொல்ல வேண்டியது எல்லாம் அம்மா வழியாகத்தான் போகும், வரும்.

"அம்மா, உன் மககிட்ட கேளு. சட்டத்துல நாலாவது வரி என்ன?"

தோரிகா நான்கடி தூரத்தில் இருந்தாள்.

"அம்மா, உன் மகன்கிட்ட சொல்லு. நாலாவது வரி எனக்கு நல்லாத் தெரியும். பிடிபட்டவங்க பேரைக் காவல்காரர் அன்னைக்கே ஊர்க் கூட்டத்துல சொல்லணும்."

"மறைச்சா?"

"மறைச்சா காவல்காரர் மேல நடவடிக்கை."

"எழுதினது யாருன்னு கேளு."

"நான்தான்னு சொல்லு."

"நான் என்ன தபால் ஆபீஸா?" மகெரேதா கணவாயைக் கல்லில் ஓங்கி அறைந்தாள். "ரெண்டு பேரும் ஸ்டாம்ப் ஒட்டிட்டுப் பேசுங்க."

நெதானி சிரிக்கவில்லை. இடுப்பில் தொங்கிய சங்கைத் தடவிக்கொண்டிருந்தான். மெதுவாகச் சொன்னான்.

"அன்னைக்கே சொல்லி அனுப்பினேன். கேட்டிருந்தா இந்த நாள் வந்திருக்காது. கேளு உன் மககிட்ட, ஏன் காதுல போட்டுக்கலன்னு."

தோரிகா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "என்ன சொல்லி அனுப்பினார்? எப்போ? அம்மா, என்ன சொல்லி அனுப்பினார்?"

கல்லில் கணவாய் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. மகெரேதா இருவரையும் பார்க்கவில்லை.

முனையைச் சுற்றி ஒரு படகு வரும் சத்தம் கேட்டது. நெதானி போய்விட்டான்.

* * *

படகிலிருந்து இறங்கிய ரோவெனா, பாறையைச் சரிபார்க்க வந்தவள், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன்காரி. நல்ல மனுஷிதான். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தாள். சடங்குப் பானத்துக்காக இடிக்கும் யங்கோனா வேர்க்கட்டு ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள்; ஊர்க் கூடத்தில் அதைத் தலைவர் முன் வைத்துத் தலை குனிந்தாள். தலைவர் அதைத் தொட்டு ஏற்றுக்கொண்டார். ஆண்கள் கையைக் குழித்துத் தட்டினார்கள்.

"இந்தத் திட்டத்திலேயே பெண்கள் அதிகமாக் கலந்துகிட்டது உங்க ஊர்லதான்," என்றாள் ரோவெனா. "முதல் கூட்டத்துலயே முப்பத்தொரு பெண்கள். நான் எல்லா இடத்துலயும் உங்களைத்தான் உதாரணமாச் சொல்றேன்."

தோரிகா அதை மொழிபெயர்த்தாள். தலைவர் பெருமையாகத் தலையாட்டினார். பின்னால் கதவோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முப்பத்தொன்று. அந்த எண்ணை எழுதிய பேனா இன்னும் தோரிகாவின் பையில் இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, இதே கூடத்தில், இதே பாயில் பெரிய வெள்ளைத் தாள் விரித்திருந்தது. கலர் பென்சில்கள். ஊரின் கடலை ஊராரே வரைய வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆண்கள் குனிந்து வரைந்தார்கள். இங்கே ஆழம், இங்கே சூரை வரும், இங்கே வலை போடுவோம், இதைத் தொடாதே, அதைத் தொடாதே. கடைசியில் யாருடைய படகும் போகாத இடமாக மிஞ்சியது கரையை ஒட்டிய பாறைதான். "இத மூடிக்கலாம்" என்றார் தலைவர். யாரும் மறுக்கவில்லை. தோரிகா மஞ்சள் பென்சிலால் கோடு போட்டாள்.

முப்பத்தொரு பெண்களும் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள்? டீ போட்டார்கள். கிழங்கு உரித்தார்கள். பாத்திரம் தூக்கினார்கள். போகும்போது வாசலில் வைத்திருந்த தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவள்தான் போடச் சொன்னாள். அந்தக் கையெழுத்துகளை எண்ணித்தான் ஆபீஸ் படிவத்தில் "பெண்கள் பங்கேற்பு" என்ற கட்டத்தை நிரப்பினாள்.

அவளுக்குத் தெரியாதா? படகில்லாத பெண்கள் நடந்து போய் எட்டுகிற ஒரே கடல் அதுதான் என்று தெரியாதா? நடக்கக் கற்றுக்கொண்டதே அந்தப் பாறையில்தானே. மகெரேதா அங்கே பிடித்த கணவாயும் பொறுக்கிய மட்டியும் சந்தைக்குப் போய்த்தான் அவள் பல்கலைக்கழகம் போனாள். வாதுலேகாவின் முதல் பட்டதாரி அந்தப் பாறையிலிருந்து வந்தவள். எல்லாம் தெரியும். ஆனால் அந்தப் படிவத்தில் வலைக்குக் கட்டம் இருந்தது, தூண்டிலுக்குக் கட்டம் இருந்தது. குனிந்து பொறுக்குவதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அவள் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்று முதல்முறையாக அவளை ஆண்களோடு மரியாதைக்குரிய மேல்பாயில் உட்கார வைத்தார்கள். படித்தவள், அதிகாரி. அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. கதவோரம் திரும்பிப் பார்க்க அவளுக்கு அன்று மனம் வரவில்லை.

கோடு போட்டபோது நெதானி எழுந்து வெளியே போனது ஞாபகம் இருக்கிறது. சுருட்டுப் பிடிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் சமையல் குடில் பக்கம் போனான். அம்மாவிடம்.

* * *

நீளத் துணி விரித்துச் சாப்பாடு வைத்தார்கள். சேப்பங்கிழங்கு, மரவள்ளி, கீரை, கோழி. நடுவில் தேங்காய்ப்பாலில் மிதக்கும் கணவாய்.

ரோவெனா மூன்றாவது முறை போட்டுக்கொண்டாள்.

"இவ்வளவு மிருதுவா நான் எங்கயும் சாப்பிட்டதில்ல. இதை எங்கே பிடிச்சீங்க?"

தோரிகா அதை மொழிபெயர்க்கும் முன்பே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கரண்டிகள் நின்றன. தலைவர் கணவாயைப் பார்த்தார். அந்த அளவைப் பார்த்தார். கிட்டப்பார்வையில் அவருக்குக் குறை எதுவும் இல்லை.

உனைசி அத்தை, செத்துப்போன அப்பாவின் தங்கை, ஈ விரட்டும் விசிறியை ஆட்டியபடியே சொன்னாள்: "கடல்லன்னு சொல்லு. மாமரத்துலயா காய்க்கும்?"

பெண்கள் சிரித்தார்கள். ரோவெனாவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். தலைவர் சிரிக்கவில்லை.

குழாயடியில் தட்டுக் கழுவும்போது தோரிகா உனைசியின் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"வாங்க அதிகாரி அம்மா. கை கரையும். தள்ளி உக்காருங்க."

"அத்தை, உங்களுக்குத் தெரியுமா? அம்மாதான்னு?"

"இன்னைக்கு என் முறை. விருந்தாளி வர்றாங்க, நான் போறேன்னு உங்கம்மா மாத்திக்கிட்டா."

"முறையா?"

"பின்ன? ரெண்டு வருஷமா நாங்க காத்தைத் தின்னுட்டா இருக்கோம்? ஆம்பளைங்க ஆழக்கடல்ல பிடிக்கறது அப்படியே சந்தைக்குப் போகுது. வீட்டுச் சட்டிக்கு என்ன வருது? டின்னு. குழந்தைங்க டின்னத் தின்னுட்டு நிக்குது." உனைசி தட்டை மணலால் தேய்த்தாள். "வாரத்துக்கு ஒருத்தி. கொஞ்சமா. யாரு கண்ணுலயும் படாம."

"அண்ணனுக்கு?"

"தெரியாமலா? நெதானி மாதிரி காவல்காரன் கிடைக்க மாட்டான். கடல் ஏறியிருக்கும்போது மட்டும்தான் ரோந்து வருவான். இன்னைக்குத்தான் விருந்தாளி வர்றாங்கன்னு தலைவர் கூடவே ஒட்டிக்கிட்டாரு. என்ன செய்வான்? ஊதினான். ஊதின வாய் இன்னும் மூடல பாரு, அவன் முகத்தை."

"நீங்க யாராவது என்கிட்ட சொல்லியிருக்கலாமே அத்தை."

உனைசி கழுவுவதை நிறுத்திவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க சொல்றது? நீ மேல உக்காந்திருந்த. நாங்க கீழ இருந்தோம்."

* * *

கூட்டம் தொடங்கியது. ஆண்கள் மேலே, பெண்கள் கதவோரம். தோரிகா ரோவெனாவின் பக்கத்தில், மேல்பாயில். மொழிபெயர்க்க அவளைத் தவிர ஆள் இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். இளவட்டங்கள் ஜன்னலில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். இன்று எல்லாம் ஒழுங்காக இருந்தால் திட்டத்தின் இரண்டாம் கட்டம் வரும். இரண்டாம் கட்டம் என்றால் ஐஸ் அறை. ஐஸ் அறை வந்தால் பிடித்த மீனை அன்றே வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதற்காகத்தான் ஊர் இரண்டு வருடம் பொறுத்திருந்தது.

"நெதானி," என்றார் தலைவர். "காலைல ஒரு ஆள் மாட்டிச்சு. பேரச் சொல்லு."

நெதானி பாயின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான்.   அவன் காது மடல் சிவந்து போயிருந்தது.

தோரிகா பேனாவை இறுகப் பிடித்தாள். இப்போது நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். வரைபடம் தப்பு என்று சொல்ல வேண்டும். இப்போது. இந்த நிமிடம். உட்கார்ந்தே இருந்தாள். ஜன்னல் முழுக்க முகங்கள். ஐஸ் அறை, ஐஸ் அறை என்று அந்த முகங்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தன.

"பேரு கேட்டேன்," என்றார் தலைவர்.

"அவன எதுக்குக் கேக்கறீங்க?"

குரல் கதவோரத்திலிருந்து வந்தது. ஆண்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். அந்தக் கூடத்தில் அந்த மூலையிலிருந்து இதுவரை பாட்டு வந்திருக்கிறது, சிரிப்பு வந்திருக்கிறது. பேச்சு வந்ததில்லை.

மகெரேதா தலையைக் குனிந்தபடியே பேசினாள். "நான்தான் போனேன் தலைவரே. பெத்த அம்மா பேர மகன் வாயால சொல்ல வைக்காதீங்க. நானே சொல்றேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டது அதுதான். நீங்களும்தான்."

ஜன்னலில் யாரோ சீட்டியடித்தான். ஒருவன் "போச்சுடா" என்றான்.

ரோவெனா தோரிகாவின் முழங்கையைத் தொட்டாள். "என்ன சொல்றாங்க? ஏன் எல்லாரும் அமைதியாயிட்டாங்க?"

தலைவர் முந்திக்கொண்டார். ஊர் மொழியில், முகம் மாறாமல், ஏதோ வரவேற்புரை சொல்வது போலச் சொன்னார்: "தோரிகா. விருந்தாளிக்கு நன்றி சொல்றாங்கன்னு சொல்லும்மா. மத்தத நமக்குள்ள பாத்துக்கலாம். ஊருக்கு ஐஸ் அறை வேணும். உன் அம்மா மானமும் போக வேண்டாம். ரெண்டும் உன் நாக்குல இருக்கு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரே ஒரு பொய். சின்னப் பொய். அம்மாவுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. ரோவெனா புன்னகையோடு காத்திருந்தாள்.

"தோரிகா." மகெரேதா முதல்முறையாக நிமிர்ந்தாள். "நான் சொன்னத அப்படியே சொல்லு. ஒரு சொல்லக்கூட விடாத."

"அம்மா..."

"உங்க அண்ணன் அன்னைக்கு என்கிட்ட வந்தான். நீ மஞ்சக் கோடு போட்டுட்டு இருந்த. 'அது பொம்பளைங்க போற பாறை, வேற இடம் போடச் சொல்லு, நான் பேச முடியாது, நீ போய்ச் சொல்லு'ன்னான். அவன் எதுக்கு என்கிட்ட வந்தான்? உன்கிட்ட நேரா வர முடியாதுல்ல. நான் கூடத்து வாசல் வரைக்கும் வந்தேன். நீ அங்க மேல உக்காந்திருந்த. எல்லா ஆம்பளைங்களும் உன் வாயப் பாத்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு... எனக்கு அத உடைக்க மனசு வரல. திரும்பிப் போயிட்டேன். டீ போட்டேன்."

மகெரேதா மகளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒருத்தர் சொல்லச் சொன்னத நடுவுல நான் முழுங்கிட்டேன். ரெண்டு வருஷமா அது இங்க நிக்குது." மகெரேதா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "நீயும் முழுங்காத."

தோரிகா ரோவெனா பக்கம் திரும்பினாள். சொன்னாள். முழுக்கச் சொன்னாள். அது என் அம்மா. நீங்கள் மூன்று முறை போட்டுக்கொண்ட கணவாய் அந்தப் பாறையில் பிடித்தது. அந்த முப்பத்தொரு பெண்கள் கூட்டத்தில் உட்காரவில்லை, டீ போட்டார்கள். அவர்களுடைய கடலை எடுத்து நான் உங்களுக்குத் தந்தேன். அம்மா சொன்னதையும் சொன்னாள், அம்மா சொல்லாததையும் சொன்னாள்.  ஒரு சொல்லையும் விடவில்லை.

ரோவெனாவின் முகத்தில் புன்னகை எப்போது போயிற்று என்று தெரியவில்லை. நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"இதை ஏன் யாரும் எங்ககிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டப்போ எல்லாம் பதில் சொன்னது நான்தான்."

"நான் இதை எழுதியாகணும் தோரிகா. இரண்டாம் கட்டம் பத்தி எதுவும் சொல்ல முடியாது."

அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

நெதானி எழுந்து வெளியே போனான். வீட்டிலிருந்து ஒரு பெரிய யங்கோனா வேர்க்கட்டோடு திரும்பி வந்தான். அப்பா காலத்தில் நட்டது, கல்யாணத்துக்கென்று வைத்திருந்தது. குனிந்தபடியே முழங்காலால் நகர்ந்து போய்த் தலைவர் முன் வைத்தான்.

"எங்கம்மா தப்புக்கு. மன்னிக்கணும்."

பிடித்துக் கொடுத்தவனே மன்னிப்புக் கேட்பதை அந்த ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை. தலைவர் வேர்க்கட்டைத் தொட்டால் விஷயம் முடிந்தது. எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள்.

அவர் கை மடியிலேயே இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்," என்று எழுந்து போனார். வேர்க்கட்டு பாயின் நடுவில் கிடந்தது.

* * *

கடல் வற்றத் தொடங்குவதற்குள் படகு போயாக வேண்டும். ரோவெனா ஏறி உட்கார்ந்துகொண்டு தோரிகாவின் பைக்கு இடம் விட்டாள்.

"நீ வரலையா?"

"ஞாயிறு வரைக்கும் இருக்கேன்."

 ரோவெனா தலையை ஆட்டினாள். படகு முனையைத் தாண்டி மறைந்தது.

கரையில் வலையைத் தட்டிக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவன் யாரிடமோ சொல்வது போலச் சொன்னான்: "ஐஸ் அறைய ஒரு அம்மா கூடையில போட்டுட்டுப் போயிட்டாங்கடா. தேங்காப்பால்ல வேகவச்சாச்சு." மற்றவர்கள் சிரித்தார்கள். தோரிகா திரும்பிப் பார்க்கவில்லை. அவன் சொன்னதில் பொய் என்ன இருக்கிறது?

அம்மா வீட்டுக்குள் இருந்தாள். மன்னிப்பு ஏற்கப்படும் வரை அவள் வெளியே வரமாட்டாள். தட்டி இறக்கியிருந்தது.

மணலில் காலடிச் சத்தம் கேட்டது. நெதானி வந்து பத்தடி தள்ளி நின்றான். முகம் கடலைப் பார்த்திருந்தது. தோரிகா பழக்க தோஷத்தில் இருவருக்கும் நடுவே அம்மாவைத் தேடினாள். நடுவில் மணல்தான் இருந்தது.

"நானே வந்து சொல்லியிருக்கணும்," என்றான் நெதானி.

அவளிடம்தான் சொன்னான். வேறு யாரும் அங்கே இல்லை.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நீ என்பதா, நீங்கள் என்பதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. விவரம் தெரிந்த நாளாக அவனை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவனோடு பேச 'உன் மகன்' என்ற ஒன்றைத் தவிர அவளிடம் ஒரு சொல் இல்லை. இருபது வருடத்தில் அவன் குரலில் அவளுக்கென்று வந்த முதல் வாக்கியம் இதுதான். அதுவும் ஒரு வருத்தமாகத்தான் வரவேண்டியிருந்தது.

கடல் பின்வாங்கிக்கொண்டிருந்தது. பாறை முதுகுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மஞ்சள் மிதவைகள் ஈர மணலில் சாய்ந்து உட்கார்ந்தன.

அப்போது ஊர்ப்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. உனைசி அத்தை முன்னால் வந்தாள். தொப்பி இல்லை. கையில் கூடை. அவள் பின்னால் இன்னொருத்தி. அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர். வெளிச்சம் இருக்கும்போதே, எல்லோரும் பார்க்க, வலை தட்டுகிற பையன்களைத் தாண்டி, தோரிகாவைத் தாண்டி நடந்தார்கள். உனைசி போகிறபோக்கில் சொன்னாள்: "எண்ணிக்கோ அதிகாரி. இந்தத் தடவை சரியா எண்ணு."

மிதவையை எட்டிய முதல் பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடந்து போனாள்.

"யாரு அங்க?" தலைவர் தன் வீட்டு வாசலிலிருந்து கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு கத்தினார். "நெதானி! யாரு அங்க? ஊதுடா!"

நெதானி இடுப்பிலிருந்து சங்கை அவிழ்த்தான்.  அண்ணன் கையிலிருந்து தங்கை கைக்கு எதுவும் நேராகப் போகக் கூடாது. எனவே இருவருக்கும் நடுவே மணலில் அதை வைத்தான். வைத்துவிட்டு, தலைவர் தொடாமல் விட்டுப்போன வேர்க்கட்டு கிடக்கும் கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஊதுன்னு சொல்றேன்ல!"

தோரிகா குனிந்து சங்கை எடுத்தாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. அவன் இடுப்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. நாலாவது வரி அவளுக்கு மனப்பாடம்: பிடிபட்டவர்கள் பேரைக் காவல்காரர் சொல்லியாக வேண்டும்.

பாறையில் உனைசி அத்தை குனியவில்லை. கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரையைப் பார்த்து நின்றாள்.